பாக்கெட் எங்கே நின்றது?

கணபதியில் ஒரு பம்ப் கம்பெனி. ஆபீஸ் இங்கே, ஃபவுண்டரி அரசூரில். இரண்டையும் இணைக்கும் கேட்வே ஒரு லினக்ஸ் சர்வர். காலையில் மேனேஜர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, நெட் வருதுங்க. அரசூருக்குப் பிங் கூடப் போகுதுங்க. டேலி மட்டும் வரமாட்டேங்குதுங்க."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிங் போய்த் திரும்புகிறது என்றால் கம்பி நல்லாயிருக்கிறது, ரூட்டிங் நல்லாயிருக்கிறது, சர்வரில் ஃபார்வர்டிங்கும் ஓடுகிறது. நிற்பது 9000-ஆம் போர்ட்டுக்குப் போகும் டிசிபி மட்டும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு ரூலையும் தொடக் கூடாது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிவாதம் உண்டென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் ஆபீஸ் பக்கத்து நெட்வொர்க் கார்டிலும் இன்னொன்றில் அரசூர் டனல் பக்கத்திலும் டிசிபிடம்ப் ஓடவிட்டேன். மேனேஜரை டேலியைத் திறக்கச் சொன்னேன். ஆபீஸ் பக்கம் சின் பாக்கெட் வந்தது. ஒரு நொடி கழித்து மறுபடி, இரண்டு நொடி கழித்து மறுபடி, பிறகு நான்கு நொடி. பதில் கிடைக்காத கணினி இப்படி இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே தட்டும். டனல் பக்கம் ஒரு வரிகூட வரவில்லை. ஆக, விழுங்கியது நடுவில் இருக்கும் இந்தச் சர்வர்தான்.

ஐபிடேபிள்ஸ் பட்டியலை எண்ணிக்கையோடு எடுத்தால் காரணம் தெரிந்தது. முந்தின நாள் யாரோ ஃபார்வர்டு செயினின் பாலிசியை டிராப் ஆக்கிவிட்டு, நெட்டுக்கும் பிங்குக்கும் அங்கேயே அனுமதி வைத்து, டேலிக்கான அனுமதியை மட்டும் இன்புட் செயினில் எழுதியிருக்கிறார்கள். அந்த ரூலுக்கு நேரே பாக்கெட் எண்ணிக்கை 0. எழுதிய நேரத்திலிருந்து ஒரு பாக்கெட்டும் அதைத் தொடவில்லை.

*

சர்வருக்கே வரும் பாக்கெட் இன்புட் வழியாகப் போகும். சர்வரைக் கடந்து வேறு இடம் போகும் பாக்கெட் ஃபார்வர்டு வழியாக மட்டும் போகும், இன்புட்டைப் பார்க்கவே பார்க்காது. இது தெரிந்தவர்களும் இன்புட்டில் எழுதுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. லினக்ஸ் 2.2 காலத்து ஐபிசெயின்ஸில், கடந்து போகும் பாக்கெட்டும் இன்புட், ஃபார்வர்டு, அவுட்புட் என மூன்றையும் தாண்ட வேண்டும். 2001 ஜனவரியில் 2.4 கெர்னலோடு ஐபிடேபிள்ஸ் வந்தபோது ரஸ்டி ரஸ்ஸலும் நெட்ஃபில்டர் குழுவினரும் அதைப் பிரித்து வைத்தார்கள். ஐபிசெயின்ஸில் கை பழகியவர்கள் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. கோவையில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்கிறோம். அதனால்தான் அடிப்படையை ஒருமுறையாவது புத்தகத்தைத் திறந்து படித்துவிடு என்று வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

*

"டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரியுதுங்ணா, அப்புறம் எப்படி ஃபயர்வால் தடுக்கும்?" நல்ல கேள்வி. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். வெளியே போவதை ஃபயர்வால் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கும். வரும் பக்கம் தெரிந்தால் கார்டு வரை வந்து சேர்ந்தது என்று மட்டும் பொருள். போகும் பக்கமும் தெரிந்தால்தான் சர்வர் அதை விட்டது என்று சொல்லலாம். போகும் பக்கம் போய்விட்டது, பதில் வரவில்லை என்றால் நம் சர்வரைக் குடைந்து பயனில்லை, எதிர்முனையைப் பார்க்க வேண்டும். பதில் அந்தப் பக்கம் வந்தும் இந்தப் பக்கம் வரவில்லை என்றால் திரும்பும் வழியில் கோளாறு.

*

மின்சாரம் போய் வந்ததும் வரும் போன்களில் "நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க" என்பது கட்டாயம் இருக்கும். 2012-ல் கோவை வட்டாரம் தினமும் பல மணி நேர மின்வெட்டில் தத்தளித்தபோது லேத்தும் கம்ப்ரசரும் நின்றன. யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர்களும் விழுந்தன. எழுந்த சர்வர் ஃபார்வர்டு செய்ய மறுக்கும். கெர்னலில் ஐபி ஃபார்வர்டு என்ற மதிப்பு தானாக 0-வில் இருப்பது. யாரோ ஒரு நாள் கையால் 1 ஆக்கியிருப்பார்கள், கோப்பில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த 0-க்கும் வரலாறு உண்டு. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122, சாதாரணக் கணினி எதுவும் தானாக ரூட்டர் வேலை பார்க்கக் கூடாது, அதற்கான சுவிட்ச் இருந்தால் அணைந்த நிலையில்தான் இருக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஒரு மில்லில் எத்தனை கணினிகளில் இரண்டு கார்டு இருக்கிறது என்று பார்த்தால் அதன் அருமை தெரியும்.

டெபியன் 13-க்கு மாறுகிறவர்கள் கவனிக்க: பழைய சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பை சிஸ்டம்டி இப்போது படிப்பதில்லை. சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் தனிக் கோப்பாக வைக்க வேண்டும். பழைய கோப்பை நம்பி அப்கிரேடு செய்தால் அடுத்த ரீபூட்டில் ஃபார்வர்டிங் நின்றுபோகும், கோப்பைத் திறந்து பார்த்தாலோ 1 என்றே எழுதியிருக்கும். கோப்பைப் பார்க்காதே, ஓடும் கெர்னலைக் கேள்.

*

போர்ட் ஃபார்வர்டில் அடிக்கடி பார்ப்பது. வெளியிலிருந்து 59000-க்கு வருவதை உள்ளே 192.168.10.5-ன் 9000-க்குத் திருப்ப வேண்டும். நாட் டேபிளில் டிநாட் ரூல் சரியாக இருக்கும். ஃபார்வர்டு செயினில் 59000-ஐ அனுமதித்திருப்பார்கள். வேலை செய்யாது. டிநாட் நடப்பது ப்ரீரூட்டிங்கில். ஃபார்வர்டுக்கு வந்து சேரும்போது முகவரியும் போர்ட்டும் ஏற்கெனவே மாறியிருக்கும். அங்கே 192.168.10.5, 9000 என்றுதான் எழுத வேண்டும். டிநாட் ரூலின் எண்ணிக்கை ஏறுகிறது, ஃபார்வர்டு ரூல் 0-விலேயே நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

நாட் ரூலின் எண்ணிக்கை மெதுவாக ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் நாட் டேபிளுக்குப் போகும். மீதியைக் கான்ட்ராக் பார்த்துக்கொள்ளும்.

*

கான்ட்ராக் என்பது மில் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் என்ட்ரி நோட்டு போல. உள்ளே போகும்போது யார், எங்கே என்று எழுதிக்கொண்டால், திரும்பி வரும்போது மறுபடி விசாரணை கிடையாது. ஐபி போனில் வரும் தொல்லைக்குக் காரணம் இந்த நோட்டுதான். முதல் லைன் அறுந்து இரண்டாவது லைனுக்கு மாறியதும் பிரவுசர் எல்லாம் ஓடும், போன் மட்டும் ஊமையாகிவிடும். பிரவுசர் புது இணைப்புப் போட்டுக்கொள்கிறது. போனோ சில நொடிக்கு ஒருமுறை அதே யுடிபி இணைப்பில் பேசிக்கொண்டே இருப்பதால் பழைய பதிவு காலாவதி ஆவதே இல்லை. அறுந்த லைனின் முகவரியைப் போட்டே பாக்கெட்டுகள் போகின்றன. ரூலை எத்தனை தடவை திருத்தினாலும் மாறாது. கான்ட்ராக் கருவியில் அந்தப் போனின் பதிவை மட்டும் அழித்தால் அடுத்த நொடி மணி அடிக்கும்.

லினக்ஸில் நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கான காலாவதி 4,32,000 நொடி, அதாவது ஐந்து நாள். புது ரூல் எழுதியும் பழைய ஆள் இன்னும் உள்ளே வருகிறாரே என்று திகைப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்கவும். சரவணம்பட்டி விடுதிகள் மாதிரி ஆள் நிறைந்த இடங்களில் டேபிளே நிரம்பிவிடும். கெர்னல் லாகில் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட் என்று பளிச்சென்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் லைன் ஸ்லோ என்று லைன்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

*

ரூல்களின் வரிசை. ஐபிடேபிள்ஸில் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் ரூலோடு முடிவு. எல்லாவற்றையும் தடுக்கும் வரிக்குக் கீழே போய் அனுமதி எழுதினால் அது வெறும் அலங்காரம். ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப் நேர்மாறு: கடைசியாகப் பொருந்தியதுதான் செல்லும், க்விக் என்று எழுதியிருந்தால் மட்டும் அங்கேயே முடிவு. ஐபிஃபில்டரின் லைசென்ஸ் தகராறுக்குப் பிறகு டேனியல் ஹார்ட்மையர் எழுதி, 2001 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0-வோடு வந்தது பிஎஃப். இரண்டு வகைச் சர்வரையும் பார்த்துக்கொள்கிறவர் ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோகக் கூடாது.

பிஎஃப்பில் எனக்கு மிகப் பிடித்தது பிஎஃப்லாக். லாக் என்று குறித்த ரூல் தடுத்த பாக்கெட்டெல்லாம் ஒரு தனி இன்டர்ஃபேஸில் வந்து விழும். அதில் டிசிபிடம்ப் ஓட்டினால் எந்த எண்ணுள்ள ரூல் தடுத்தது என்பதும் சேர்ந்தே தெரியும். தேட வேண்டியதே இல்லை. லினக்ஸில் அதற்கு ஈடு என்எஃப்டேபிள்ஸின் ட்ரேஸ். ஒரே ஒரு மூல முகவரிக்கு ட்ரேஸ் போட்டுவிட்டு மானிட்டரைத் திறந்தால், அந்தப் பாக்கெட் எந்தெந்தச் செயினுக்குள் போயிற்று, எந்த ரூலில் பொருந்தியது, கடைசியில் என்ன தீர்ப்பு என்று வரிவரியாக வரும். எங்கள் ஊரில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று வருத்தமாகவே இருக்கிறது. ஒரு மணி நேர ஊகத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

*

குறிச்சி சிட்கோவில் ஒரு பட்டறை. ஐபிடேபிள்ஸ் பட்டியல் முழுக்கக் காலி, பாலிசி எல்லாம் அக்செப்ட், ஆனாலும் பாக்கெட் சாகிறது. என்எஃப்டியில் முழு ரூல்செட்டையும் கேட்டால் இன்னொரு டேபிள் உட்கார்ந்திருக்கிறது. 2019-ல் டெபியன் 10 வந்ததிலிருந்து ஐபிடேபிள்ஸ் என்று தட்டினாலும் அடியில் ஓடுவது என்எஃப்டேபிள்ஸ். பழைய லெகசி பதிப்பையும் வைத்துக்கொண்டால் இரண்டு இடத்தில் ரூல் இருக்கும், ஒன்று மற்றதைக் காட்டாது. ஒரு செயினில் அக்செப்ட் ஆனாலும் அதே ஹூக்கில் அடுத்து நிற்கும் செயினையும் பாக்கெட் தாண்டியாக வேண்டும். டிராப் மட்டும்தான் இறுதி.

டாக்கர் போட்டதும் ஆபீஸ் நெட் நின்றது என்பதும் இதே வகை. 2017-ல் வந்த 1.13 பதிப்பிலிருந்து, டாக்கர் தானே ஃபார்வர்டிங்கை இயக்க நேர்ந்தால் ஃபார்வர்டு பாலிசியையும் டிராப் ஆக்கிவிடுகிறது. நம் ரூல்களை அதற்கென்றே இருக்கும் டாக்கர்-யூசர் செயினில் வைக்க வேண்டும். கேட்வே சர்வரில் டாக்கரே வேண்டாம் என்பது என் கட்சி.

*

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட். இரண்டு லைன். வெளிநாட்டு பையர் ஆர்டர் நிலவரம் பார்க்கும் பக்கம் உள்ளே ஒரு சர்வரில் இருக்கிறது. முதல் லைன் முகவரியில் திறக்கிறது, இரண்டாவதில் திறக்கவில்லை. டிசிபிடம்ப்பில் இரண்டாவது கார்டில் பாக்கெட் வருகிறது. ப்ரீரூட்டிங் எண்ணிக்கை ஏறுகிறது. ஃபார்வர்டு எண்ணிக்கை அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரூட்டிங் முடிவு ஒன்றுதான். அங்கே ஆர்பி ஃபில்டர் கண்டிப்பான நிலையில், 1-ல், இருந்தது. இந்த முகவரிக்குப் பதில் அனுப்பினால் முதல் லைன் வழியாகத்தானே போகும், பிறகு ஏன் இரண்டாவதில் வந்தாய் என்று கேட்டு, சத்தமில்லாமல் போட்டுவிடும். ஃபயர்வால் லாகில் எதுவும் வராது. என்ஸ்டாட் எடுத்துப் பார்த்தால் அதற்கென்று ஒரு கணக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

இரண்டு வெளி லைன் உள்ள இடத்துக்கு 2 என்ற தளர்ந்த நிலைதான் பொருந்தும். 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3704 அதைத்தான் சொல்கிறது. இதில் இன்னொரு கண்ணி: பொது மதிப்பு, கார்டின் மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதைத்தான் கெர்னல் எடுத்துக்கொள்ளும். பொது மதிப்பு 1-ல் இருக்க, கார்டில் 0 போட்டுவிட்டுக் காத்திருந்து பயனில்லை.

தளர்த்தியதோடு வேலை முடியாது. பாக்கெட் உள்ளே போகும், பதில் முதல் லைனில் வெளியேறும், இரண்டாவது லைனின் முகவரியோடு. முதல் லைன்காரர் அதைப் போலி முகவரி என்று நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்துவது அவர்கள் கடமையும்கூட. வந்த இணைப்புக்கு ஒரு மார்க் வைத்து, பதில் வரும்போது அந்த மார்க்கைப் பார்த்து, வந்த லைனிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கான்மார்க், ஐபி ரூல், தனி ரூட்டிங் டேபிள் மூன்றும் சேர்ந்தால்தான் முழு வேலை. போகும் பாதைக்குப் பத்து ரூல் எழுதுகிறவர்கள் திரும்பும் பாதைக்கு ஒன்றும் எழுதுவதில்லை. நான் பார்த்த ஃபார்வர்டிங் பிரச்சினைகளில் பெரும்பாலானவை திரும்பி வரும் வழியில்தான் மாட்டிக்கொண்டிருந்தன.

*

"சின்னப் படம் போகுதுங்க, டிசைன் ஃபைல் போட்டா சுத்திக்கிட்டே இருக்குதுங்க." இதைக் கேட்டதும் பிபிபிஓஇ லைனா என்று கேட்பேன். அந்த உறைக்கு 8 பைட் போக 1500-ல் மிஞ்சுவது 1492. பெரிய பாக்கெட் மாட்டும்போது, சின்னதாக்கி அனுப்பு என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தி வர வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருப்பார்கள். செய்தி வராது, ஃபைல் போகாது. பிங் வேண்டாமென்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். ஃபார்வர்டு செயினில் எம்எஸ்எஸ்ஸைப் பாதையின் அளவுக்குக் குறைக்கும் ஒற்றை ரூல் போதும். 1452-க்கு இறங்கும், டிசைன் போய்ச் சேரும்.

*

கேமரா. ஆர்.எஸ்.புரத்தில் வீட்டில் உட்கார்ந்து சோமனூர்க் குடோனைச் செல்போனில் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான ஆசை. கேமரா மாட்டியவர் டிவிஆரின் 37777 அல்லது 8000 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டுப் போகிறார், பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து வந்தபடியே. 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளைக் கொண்டே பிடித்தது. அந்த அக்டோபர் 21-ல் டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. சோமனூர் கேமராவும் அப்படி ஒரு படையில் சேரலாம் என்பதை நம் ஆட்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் டிவிஆருக்குப் போர்ட் திறப்பதில்லை. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-ல் வயர்கார்டு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. முதலாளி செல்போனில் ஒரு டனல், அந்த டனலிலிருந்து கேமராவுக்கு மட்டும் ஒரு ஃபார்வர்டு ரூல். முடிந்தது.

திறந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும், முதலில் வேன் முகவரியைப் பார்க்கவும். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது 2012 ஏப்ரலில் லைன்காரர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள ஒதுக்கிய முகவரி. வெளியிலிருந்து பாக்கெட் உங்கள் வாசல் வரைக்கும் வரவே வராது. டிநாட் ரூலை விடிய விடியத் திருத்தினாலும் பலனில்லை.

*

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவு கம்பெனிகளுக்கும் பொருந்தும்: லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், சர்வர் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நாட் செய்யும் சர்வரில் இதற்கு அர்த்தம் பெரிது. வெளியே ஒரே முகவரி, உள்ளே நூறு கணினி. எந்த நேரத்தில் எந்த உள் முகவரி எந்தப் போர்ட்டில் போனது என்ற பதிவு இல்லாவிட்டால் போலீஸ் வந்து கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

*

வால்பாறை எஸ்டேட் ஒன்றின் சர்வரைக் கோவையிலிருந்தே பார்க்கிறேன். ஒரு தப்பு ரூல் போட்டு வெளியே மாட்டிக்கொண்டால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். எனவே புது ரூல்செட்டை என்எஃப்டியின் சோதனை முறையில் முதலில் ஓட்டிப் பார்ப்பது, ஐந்து நிமிடத்தில் பழையது தானாகத் திரும்பும்படி அட் கட்டளையில் வைத்துவிட்டு ஏற்றுவது, இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் ஆனால்தான் அந்த அட் வேலையை நீக்குவது. ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்எச் ஓடுகிறதே என்று நம்பக் கூடாது. அது பழைய கான்ட்ராக் பதிவில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு ரூலுக்கும் கமென்ட். யார் கேட்டது, எந்தத் தேதி, எப்போது எடுக்கலாம். ஆடிட்டர் ஒரு வாரத்துக்குக் கேட்டது என்று திறந்த போர்ட், ஆடிட்டர் மாறிய பிறகும் திறந்தே கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். கமென்ட் இல்லாத ரூலை எடுக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. மாதம் ஒரு நாள் எண்ணிக்கையை 0-வுக்குக் கொண்டுவந்து, அடுத்த மாதமும் 0-விலேயே இருப்பதைப் பட்டியல் எடுத்து, கேட்டவரிடமே காட்டி எடுத்துவிடலாம்.

*

பெருந்துறை சிப்காட்டில் பார்க்க வேண்டியது: புது லைனில் ஐபிவி6 வருகிறது. ஐபிவி4-க்கு ஃபார்வர்டு செயினில் இருபது ரூல், ஐபிவி6-க்கு ஒன்றும் இல்லை, பாலிசி அக்செப்ட். அங்கே நாட்டும் கிடையாது. மெஷின் பேனலிலிருந்து பிரின்டர் வரை நேரடி முகவரி. முதலில் நிலைபெற்ற இணைப்புகளுக்கும் ஐசிஎம்பிவி6-ல் அவசியமானவற்றுக்கும் அனுமதி, பிறகு பாலிசி டிராப். ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியதும் லைன்காரரின் ரூட்டர் அறிவிப்பைக் கெர்னல் கேட்பதை நிறுத்திவிடும். வெளிக் கார்டில் அக்செப்ட் ஆர்ஏ மதிப்பை 2 ஆக்கி, கோப்பிலும் எழுத வேண்டும். பிறகு ஒருமுறை ரீபூட் செய்து பார்க்க வேண்டும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு.